மஞ்சளாகிக் குறுகிப்போன மிளகாய்க் கன்றுகள்: உங்கள் வளவில் நடந்தது என்ன?

மல்லாவியிலிருந்து:

மூன்று வருடத்துக்கு முந்திய கதை. இன்னமும் கிணற்றடிக்குப் போனால் அந்த இடத்தைப் பார்க்காமல் வர முடிவதில்லை. எம்.ஐ.2 இன மிளகாய், 25 கன்று. வழக்கமாக மிளகாய் வைக்கிற அதே பாத்திதான். இரண்டு மாதத்தில் முழங்கால் உயரம் வர வேண்டியது சாண் உயரத்தில் நின்றது. இலையெல்லாம் மஞ்சள். மத்தியானம் தலை தொங்கும், பொழுதுபட எழும்பும். நான் யூரியா போட்டேன். மாறவில்லை என்று திரும்பவும் போட்டேன். இலை ஓரம் கருகத் தொடங்கியது.

கடைசியில் ஆத்திரத்தில் ஒன்றைப் பிடுங்கினேன். வேர் முழுக்க முடிச்சு, பாசிமணி கோர்த்த மாதிரி. தண்ணீர் வார்த்தது முழுக்க அம்மாதான். அவர் அந்த வேரைக் கையில் வாங்கி ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் இது பசியோட நிண்டிருக்கு" என்றார். அவர் சொன்ன விதம் இன்னும் காதுக்குள் நிற்கிறது. வேர்முடிச்சு நெமற்றோடு, அதாவது வேருக்குள் புகுந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு என்று பிறகுதான் தெரிய வந்தது. உங்களில் யாருக்கும் இப்படி நடந்ததா?

முழங்காவிலிலிருந்து:

எனக்கு வேரில் ஒன்றும் இல்லை. வீட்டுத்திட்ட வீடு 2013இல் கட்டி முடிந்தது. குசினிக்குப் பின்னால் நல்ல வெயில் என்று மிளகாயும் கத்தரியும் வைத்தோம். குருத்து இலை மட்டும் எலுமிச்சம்பழ நிறம், நரம்பு பச்சை. கீழ் இலைகளுக்கு ஒரு குறையும் இல்லை. குப்பை, எரு, சாம்பல் எல்லாம் போட்டுப் பார்த்தோம். சாம்பல் போடப் போட மோசமானது.

விவசாயப் போதனாசிரியர் ஒரு நாள் வந்தார். இலையைப் பார்த்துவிட்டுக் காலால் மண்ணைக் கிளறினார். வெள்ளைக் கட்டி ஒன்று வந்தது. "வினாகிரி இருக்கோ அம்மா?" என்று கேட்டு வாங்கி அதன் மேல் ஊற்றினார். சோடாப் போத்தல் திறந்தது போல நுரைத்தது. அது மேசன்மார் சீமெந்துக் கலவை குழைத்த இடம்! சுண்ணாம்பு ஏறி மண் காரமாகி, இரும்பு இருந்தும் வேருக்கு எடுக்க முடியாமல் போய்விட்டது. எங்கள் மண் செம்மண். அந்தச் சிவப்பே இரும்புதான். அதற்குள் நின்று ஒரு செடி இரும்பில்லாமல் மஞ்சளாவதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கேட்காது. 20 அடி தள்ளி வைத்த கன்றுகள் நன்றாக வந்தன.

நெடுங்கேணியிலிருந்து:

மல்லாவித் தம்பி, பிழையாக எடுக்க வேண்டாம். மஞ்சளைக் கண்டவுடன் யூரியா என்று ஓடுவதுதான் எங்கள் ஆட்களின் முதல் பிழை. என் கதை சின்னது. உரப்பையில் 10 மிளகாய், கார்த்திகை மழை. பையின் அடித்துளைகள் அடைபட்டுக் கிடந்தது தெரியாமல், வாடுகிறதே என்று மழை விட்ட நாளெல்லாம் இன்னும் தண்ணீர் வார்த்தேன். பையைச் சரித்தபோது வந்த அழுகல் மணத்தை மறக்க ஏலாது. வேருக்கு மூச்சுவிடக் காற்றே இல்லை.

இனி எல்லோரும் இதைக் கவனியுங்கள். முதலில் எந்த இலை மஞ்சளானது என்று பாருங்கள். கீழ்ப் பழைய இலை முழுக்க மஞ்சளானால் பெரும்பாலும் நைதரசன் குறை. செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும், பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தாய் பட்டினி கிடப்பது போல. கீழ் இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மட்டும் மஞ்சளானால் மகனீசியம். இரும்பு அப்படி இடம் மாறாது, அதனால்தான் முழங்காவில் அக்காவின் கன்றில் குருத்து வெளுத்தது. அப்புறம் சுருளல். இலை மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி. இரண்டும் கண்ணுக்கு இலேசில் தெரியாது. குருத்தை வெள்ளைக் கடதாசியில் தட்டினால் பனிப்பூச்சி ஊர்வது தெரியும், சிற்றுண்ணிக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். வெள்ளை ஈ கொண்டுவருகிற வைரசுக்கு மருந்தே இல்லை, அந்தச் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். விளங்காவிட்டால் 1920க்கு எடுங்கள், விவசாயத் திணைக்களத்தின் இலக்கம்.

செட்டிகுளத்திலிருந்து:

நெடுங்கேணி அண்ணை, சுருளுவதெல்லாம் பூச்சியும் வைரசும் இல்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். மகள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த மிளகாய்க் கன்று ஒன்றை வேலியோரம் நட்டு, தன் பெயரை ஈர்க்கில் கட்டி வைத்திருந்தாள். மற்றக் கன்றுகளில் பூச்சி கண்டு, வேப்பங்கொட்டைச் சாறு அடிக்க வயல் டாங்கியை எடுத்தேன். நெல்லுக்கு எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினி அடித்த டாங்கி. இரண்டு தரம் தண்ணீர் விட்டு அலசினேன், போதும் என்று நினைத்தேன்.

சில நாளில் புது இலை நாடா போல ஒடுங்கி, காம்பு முறுகி, செடி வளராமல் அப்படியே நின்றுவிட்டது. அகன்ற இலைப் பயிருக்கு அந்தக் களைநாசினியின் எச்சமே போதும். மகள் வந்து பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈர்க்கிலை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். இப்போது வீட்டுத் தோட்டத்துக்கென்று தனி டாங்கி வாங்கி வைத்திருக்கிறோம். வயலுக்கு அது போகாது.

பரந்தனிலிருந்து:

எல்லோரும் யூரியாவைத் திட்டுகிறீர்கள். 2021ஐ மறந்துவிட்டீர்களா? மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில்தான் விட்டார்கள். அதற்குள் நான் மரத்தூளையும் வைக்கோலையும் மக்க விடாமல் அப்படியே பாத்தியில் தாட்டுவிட்டேன். இயற்கைப் பசளை என்று நம்பித்தான். அவற்றை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த நைதரசனையும் தமக்கு எடுத்துவிட்டன. கன்று அடியிலிருந்து மேலே வெளுத்துக்கொண்டே வந்தது.

அப்பா 40 வருடம் தோட்டம் செய்தவர். பாத்தி வரம்பில் குந்தியிருந்து, கீழ் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே இருந்தார், பேசவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்திருந்ததில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை யூரியா தந்தார். வாளித் தண்ணீரில் கொஞ்சமாகக் கரைத்து வார்த்தோம். ஒரு கிழமையில் பச்சை திரும்பியது. வைக்கோலை எருவோடு கலந்து, ஈரம் விட்டு, இரண்டு மூன்று மாதம் புரட்டிப் புரட்டி மக்க வைத்துப் போடுங்கள். சாணத்தோடு சாம்பலைக் கலக்க வேண்டாம், நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும். ஆனால் யூரியா கெட்டது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

மல்லாவியிலிருந்து:

சரி அண்ணை, ஏற்றுக்கொள்கிறேன். என்னுடைய கன்றுக்குத் தேவை அதுவல்ல, அவ்வளவுதான். பயற்றங்கொடி வேரிலும் முடிச்சு இருக்கிறதே என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அது நல்ல முடிச்சு, நைதரசன் சேர்க்கிற பக்டீரியா அதற்குள் இருக்கிறது, நகத்தால் தட்டினால் கழன்று விழும். என் மிளகாயில் இருந்தது வேரே வீங்கிய முடிச்சு, உரித்தாலும் வராது.

அந்தப் பாத்தியில் மிளகாயோ கத்தரியோ தக்காளியோ வைக்காமல் ஒரு போகம் கச்சான் போட்டேன். மண்ணைக் கொத்திக் கடும் வெயிலில் காயவும் விட்டேன். பிறகு இந்த வருடம் 10 கன்று வைத்தேன், இடுப்பளவு வந்துவிட்டது. அம்மா இப்போதும் மத்தியானத்தில் ஒரு தரம் போய் இலை தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சோற்றுக்கு உட்காருகிறார்.