நூறு விபத்துக்கு எத்தனை சாவு? உங்கள் ஊரில் அடிபட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள்

போரூர்வாசி:

போன மாதம் எனக்கு ஒரு சின்ன விபத்து. மவுண்ட் – பூந்தமல்லி சாலை, சாயங்கால நெரிசல். பின்னால் வந்த மினி வேன் ஸ்கூட்டரைத் தட்டியதில் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வேன்காரர் நல்ல மனுஷன். அவரே ஆட்டோ பிடித்துப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். மறுநாள் ஸ்டேஷனில், "பேசி முடிச்சுக்கிறீங்களா, கேஸ் போடணுமா?" என்று கேட்டார்கள். எட்டாயிரம் ரூபாயில் முடிந்தது. கையில் ஒரு சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் கொடுத்ததற்கான சீட்டு. எஃப்ஐஆர் கிடையாது.

கட்டுப்போட்ட கையோடு வீட்டில் சும்மா இருந்தபோது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு விபத்து அறிக்கையைப் படித்தேன். அதில் 'தீவிரம்' என்று ஓர் எண் இருக்கிறது. 100 விபத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்பதுதான் அது. நாடு முழுக்க 4,61,312 விபத்து, 1,68,491 சாவு, அதாவது 36.5. தமிழ்நாட்டில் 64,105 விபத்து, 17,884 சாவு, ஏறக்குறைய 28. டெல்லி நகரம் 26ஐ ஒட்டி, பெங்களூரு 20ஐ ஒட்டி. இந்த எண்ணை வைத்துத்தான் எந்த ஊர்ச் சாலை மோசம் என்று பேசிக்கொள்கிறோம். ஆனால் எஃப்ஐஆர் இல்லாத என் மணிக்கட்டு இந்தக் கணக்கில் எந்த மூலையிலும் இல்லை.

உங்களுக்கு அடிபட்டபோது என்ன நடந்தது?

கொச்சிக்குக் குடிபோனவன்:

அண்ணா, இங்கே கதையே வேறு. இடப்பள்ளி பக்கம் ஒரு காரின் பக்கவாட்டுக் கண்ணாடி என் ஹேண்டில்பாரில் பட்டு விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே சொன்னது, "ஸ்டேஷனில் ஜிடி என்ட்ரி போட்டுவிடு." ஸ்டேஷனின் தினசரிக் குறிப்பேட்டில் பதிவதுதான் அது. இன்ஷூரன்ஸுக்கு வேண்டுமாம். ஆஸ்பத்திரியிலிருந்தும் போலீஸுக்குத் தகவல் போனது. மூன்றாம் நாள் எஃப்ஐஆர் எண்ணே வந்துவிட்டது. தோல் உரிந்ததற்கு! ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

நீங்கள் சொன்ன அதே அறிக்கையில் கேரளாவைப் பாருங்கள். 43,910 விபத்து, 4,317 சாவு. தீவிரம் 10க்கும் கீழே. பெருநகரப் பட்டியலில் மலப்புரத்துக்கு 2,991 விபத்து, ஹைதராபாத்துக்கு 2,516. ஹைதராபாத்தைவிட மலப்புரத்தில் அதிகம் மோதிக்கொள்கிறார்கள் என்று யாராவது நம்புவார்களா? மலப்புரத்தில் எழுதிவைக்கிறார்கள், அவ்வளவுதான் எனக்குப் புரிவது.

பனியன் கம்பெனி, திருப்பூர்:

நிட்டிங் தொழில் விஷயமாக வருடத்துக்கு இரண்டு தடவை லூதியானா போகிறவன் நான். பஞ்சாப் முழுக்க 2022இல் 6,138 விபத்து, 4,756 சாவு. கணக்குப் போட்டால் 77க்கு மேல். கொச்சித் தம்பி சொல்வதுபடி பார்த்தால் அங்கே சின்ன விபத்தை எழுதுவதே இல்லை என்று ஆகும். பாதி உண்மை. என் கண் முன்னாலேயே சந்தைக்குள் ஒரு கார், சைக்கிள் ரிக்‌ஷாவை இடித்துச் சக்கரம் நெளிந்தது. ஐந்நூறு ரூபாய், ஆளுக்கு ஒரு டீ, பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்தது. போலீஸ் என்ற பேச்சே எழவில்லை.

ஆனால் மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். ஒரு ஜனவரி மாதம், ராத்திரி பதினொரு மணி. நம் சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை வருகிற அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் லூதியானா ஊருக்குள்ளேயும் போகிறது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிராலி, பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூடக் கிடையாது. எங்களுக்கு முன்னே போன கார் அதன் அடியில் போய்ச் செருகியது. நானும் டிரைவரும் இறங்கி ஓடினோம். இழுப்பதற்கு வழியே இல்லை. அன்றைக்கு ராத்திரி ஓட்டலில் சாப்பாடு இறங்கவில்லை.

ரிக்‌ஷா கணக்கில் ஏறாது, கார் ஏறும். அதனால் எண் ஊதிப்போகிறது, சரி. அதற்காகப் பனியும் வேகமும் விளக்கில்லாத டிராலியும் பொய்யாகிவிடுமா? 2024 ஜனவரியில் அங்கே சாலைப் பாதுகாப்புக்கென்றே தனிப் படை ஆரம்பித்து, 30 கிலோமீட்டருக்கு ஒரு வண்டி நிறுத்தினார்கள். எண்ணைப் பார்த்துப் பயந்ததால் வந்த நன்மை என்றுதான் நினைக்கிறேன்.

நைட் டூட்டி நர்ஸ்:

நெடுஞ்சாலை ஓர அரசு மருத்துவமனையில் வேலை. எங்கள் ஏ.ஆர். புத்தகத்தை, அதாவது விபத்தில் வருகிறவர்களை எழுதும் பதிவேட்டைப் பார்த்தாலே நேரம் சொல்லிவிடலாம். பகலில் வருவது கை, கால். நள்ளிரவுக்கு மேல் வருவது தலை. ஹெல்மெட் இல்லாத தலை. ஒரே ஊர், ஒரே சாலை, மணிதான் வேறு. ஊருக்கு ஒரு எண் என்று போட்டால் இது எப்படித் தெரியும்?

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்த பிறகு முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை என்பதால், காசுக்காக ஒவ்வோர் இடமாக அலைந்து நேரம் போவது நான் பார்த்தவரை குறைந்திருக்கிறது. சிகிச்சை சீக்கிரம் கிடைக்கும் ஊரில் அதே மோதலுக்குச் சாவு குறைவு. சாலை நல்ல சாலை என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால்தான் விபத்துச் சாவு என்பது கணக்கு. என் வார்டில் ஒரு பையன் 36ஆம் நாள் போனான். அம்மாவுக்கு அவன் விபத்தில் செத்த பிள்ளை, அட்டவணைக்குக் காயமடைந்தவன்.

போரூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா சொன்ன மணிக்கணக்கு மனதில் நிற்கிறது. 2023 நவம்பரில் சென்னையில் காருக்கு 60, இரு சக்கர வாகனத்துக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று வேக வரம்பு வைத்தார்கள். சாயங்காலம் போரூரில் 30ஐத் தொட்டாலே பெரிய விஷயம்! அந்த நெரிசல்தான் என்னை மணிக்கட்டோடு விட்டது. அதே வேன் ராத்திரி இரண்டு மணிக்கு வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

ஊர்களை ஒப்பிடுவதென்றால் லட்சம் பேருக்கு எத்தனை சாவு என்பதை முதலில் வைப்பேன், சாவை மறைப்பது கஷ்டம். அப்புறம் ராத்திரிக்குத் தனி, பகலுக்குத் தனி. நெடுஞ்சாலைக்குத் தனி, தெருவுக்குத் தனி. சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் செயலியில் இப்போது போலீஸ் விபத்து நடந்த இடத்திலிருந்தே பதிகிறார்கள். அதோடு ஆஸ்பத்திரி ஏ.ஆர். புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தால் என்னைப் போன்ற மணிக்கட்டுகளும் அகப்படும்.

நைட் டூட்டி நர்ஸ்:

தம்பி, உங்களுக்கு அந்தக் கிளினிக்கில் ஏ.ஆர். போட்டார்களா?

போரூர்வாசி:

இல்லை அக்கா. 'வண்டி வழுக்கி விழுந்தேன்' என்று சீட்டில் எழுதச் சொன்னதே நான்தான்.