லத்தீன் பாப் அலை: எந்தப் பாட்டு, எங்கே காதில் விழுந்தது?

பழைய கேசட் (திரியைத் தொடங்கியவர்)

1999 மே மாதம் ரிக்கி மார்ட்டினின் 'லிவின் லா விடா லோக்கா' பில்போர்ட் என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்து 5 வாரம் அசையவில்லை. அது இறங்கிய கையோடு ஜெனிஃபர் லோபஸின் 'இஃப் யூ ஹேட் மை லவ்' ஏறியது, அதுவும் 5 வாரம். செப்டம்பரில் என்ரிக்கே இக்லேசியாஸின் 'பைலாமோஸ்'. அக்டோபரில் சாண்டானாவின் 'ஸ்மூத்' வந்து உட்கார்ந்தது பாருங்கள், 12 வாரத்துக்கு யாராலும் எழுப்ப முடியவில்லை. 1969இல் வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் கிட்டார் வாசித்த மனுஷனுக்கு 30 வருடம் கழித்து இப்படி ஒரு சுற்று!

என் ஓட்டு சாண்டானாவின் அதே ஆல்பத்தில் வந்த 'மரியா மரியா'வுக்கு. உங்களுடையது எது, எங்கே கேட்டீர்கள், சொல்லுங்கள். பின்னாளில் யூடியூபில் தேடிக் கேட்டதெல்லாம் கணக்கில் சேராது.

பெர்கன்லைன்

ஒய்டுகே (2000ஆம் ஆண்டு தேதிக் கோளாறைச் சரிசெய்யும் கம்ப்யூட்டர் வேலை) வேலைக்கு ஆள் பிடித்த காலத்தில் நியூ ஜெர்சி போனவன் நான். வாடகை குறைவு என்று யூனியன் சிட்டியில் பெர்கன்லைன் அவென்யூ பக்கம் அறை எடுத்தோம். தெரு முழுக்க ஸ்பானிஷ்தான். கியூபாவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் அது.

நியூயார்க்குக்குப் போக அங்கே சின்ன வேன்கள் ஓடும். கை காட்டினால் நிற்கும், சில்லறையாகக் காசு கொடுத்தால் போதும். வேனுக்குள் எந்நேரமும் 97.9 லா மெகா ரேடியோ. ஆபீஸில் எல்லோரும் ரிக்கி மார்ட்டின், ரிக்கி மார்ட்டின் என்று உருகிக்கொண்டிருக்க, வேனில் ஓடியது எல்விஸ் கிரெஸ்போவின் 'சுவாவேமென்தே'. வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலில் ஆரம்பிக்கும். அந்த ஒரு வரி முடிவதற்குள் டிரைவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவார். அப்புறம் டிரம்பெட்டுகள் பாயும், பின் சீட்டில் வேலைக்குப் போகிற பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஆட்டுவார்கள். திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு! மெரெங்கே என்ற தாளத்தின் பெயரே எனக்கு அந்த வேனில்தான் தெரியும்.

மறக்க முடியாதது 'மாம்போ நம்பர் ஃபைவ்' சமாச்சாரம். அறைக்குக் கீழே ஒரு கியூபக்காரரின் பேக்கரி. எழுபது வயதிருக்கும், மத்தான்ஸாஸ் ஊர்க்காரர். நம் ஊர் டிகிரி காபி டம்ளரில் பாதி அளவுக்குத் திக்கான காபி கொடுப்பார். ஒரு நாள் டிவியில் அந்தப் பாட்டைப் பாடிய லூ பெகா தொப்பியைச் சாய்த்துக்கொண்டு மோனிகா, எரிக்கா, ரீட்டா என்று பெயர் அடுக்க ஆரம்பித்ததும் பெரியவர் கல்லாவைத் தட்டினார். "இந்த ஜெர்மன் பையன் பிறக்கிறதுக்கு முன்னாடியே இது எங்க ஊர் ஆளோட பாட்டு!" என்று உள்ளே போய் ஒரு கேசட்டை எடுத்து வந்து போட்டார்.

பெரெஸ் பிராடோ. 1949இல் போட்ட மெட்டு. பாடகரே கிடையாது. ஒரு பக்கம் சாக்ஸஃபோன்கள் கேள்வி கேட்கிற மாதிரி வாசிக்க, டிரம்பெட்டுகள் உச்சத்தில் பதில் சொல்லும். நடுவில் திடீரென்று எல்லாம் நிற்கும், பிராடோ தொண்டையிலிருந்து ஒரு உறுமல் விடுவார், மறுபடி பாய்ச்சல். பெரியவர் அந்த உறுமலைச் சரியான இடத்தில் தானும் போட்டார், ரொட்டி வாங்க வந்தவர்களும் போட்டார்கள். லூ பெகா மியூனிக்கில் பிறந்தவர், அப்பா உகாண்டாக்காரர், அம்மா சிசிலிக்காரர். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் பெயர்ப் பட்டியலை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் துள்ளுகிறதெல்லாம் பிராடோவின் சரக்குதான்.

ஃபேடர்

பெர்கன்லைன் அண்ணே, பேக்கரிப் பெரியவர் 'லிவின் லா விடா லோக்கா' பற்றி என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆசை. என்னைக் கேட்டால் அது லத்தீன் பாட்டே இல்லை.

ஒலிப்பதிவு படித்தபோது வகுப்பில் இதைப் போட்டுக் காட்டினார்கள். டேப்பே இல்லாமல் முழுக்கக் கம்ப்யூட்டரில், ப்ரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவாகி பில்போர்டில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு என்பதற்காக. வாத்தியார் சத்தத்தின் அளவு காட்டும் மீட்டரைப் பார்க்கச் சொன்னார். முள் கீழே இறங்கவே இல்லை, ஆரம்பம் முதல் கடைசி வரை சிவப்பை ஒட்டியே நிற்கிறது. அந்தக் கிட்டார் சர்ஃப் ராக், அடியில் ஓடுவது ஸ்கா என்ற ஜமைக்கா தாளம். எழுதியவர்களில் டெஸ்மண்ட் சைல்ட், பான் ஜோவி ராக் குழுவுக்கு எழுதிய ஆள். இன்னொருவர் ரோபி ரோசா, ரிக்கியோடு மெனூடோ குழுவில் சின்ன வயதில் பாடியவர். லத்தீன் என்று சொல்ல அதில் இருப்பது இவ்வளவுதான்: பாடுகிறவர் போர்ட்டோரிக்கோ, மேலே பித்தளை வாத்தியம், தலைப்பில் மூணு ஸ்பானிஷ் சொல். 'பைலாமோஸ்' இன்னும் மோசம், அதை எழுதியவர்கள் லண்டன்காரர்கள்!

பிடிக்காது என்று சொல்லவில்லை. இப்போதும் புது ஸ்பீக்கர் வாங்கினால் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான்.

கடலோரம்

ஃபேடர் தம்பி சொல்கிற கணக்குப்படி பார்த்தால் ஷகீராவை மட்டும் யாரும் தொட முடியாது. 2001 கடைசியில் நான் கொலம்பியாவில், பாரன்கியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஷகீரா பிறந்த ஊர். 'வெனெவர் வேர்எவர்' உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அதே பாட்டின் ஸ்பானிஷ் வடிவம் 'சுவெர்த்தே'.

ஊர்க்காரர்கள் கொண்டாடுவார்கள் என்று நினைத்துப் போனால், ஆளாளுக்குக் குறை. கூட வேலை பார்த்த அக்கா ஒருவர், "முடியைப் பொன்னிறமா மாத்திட்டா, அதுதான் அமெரிக்கா" என்றார். இன்னொருவர் பிடித்துக்கொண்டது அந்தப் பாட்டில் வரும் சரங்கோ என்ற சின்னக் கிட்டாரையும் பான் குழலையும். "அதெல்லாம் ஆண்டிஸ் மலைக்காரங்க வாத்தியம். நாங்க கடற்கரை ஆளுங்க, எங்களுக்கு மேளம்தான்." நியாயமான கோபம் என்றே எனக்குப் பட்டது.

அவர்கள் தூக்கிவைத்துப் பேசியது 1998இல் வந்த ஆல்பத்தை. பொகோட்டா விமான நிலையத்தில் ஷகீராவின் பெட்டி திருடு போனது, எழுதி வைத்திருந்த பாட்டெல்லாம் அதில் இருந்தது. அந்த எரிச்சலில் ஆல்பத்துக்கு வைத்த பெயர் 'திருடர்கள் எங்கே'. அதிலிருக்கும் 'ஓஹோஸ் அஸி'யில் நடுவே அரபு வரிகள் வரும். அவருடைய அப்பா லெபனான் வம்சாவளி. வெளியூர்க்காரர்களுக்கு அது வினோதமாக இருக்கலாம். பாரன்கியாவில் தெருவுக்குத் தெரு கிப்பே என்ற அரபுக் கறி உருண்டை பொரித்து விற்கிறார்கள், அரபுக் குடும்பங்கள் அத்தனை பேர். எங்கள் தெருக் கடையில் கிப்பே எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்க, பக்கத்து வீட்டு ஜன்னல் வழியே அந்த அரபு வரி வரும். கடைக்காரரும் சேர்ந்து பாடுவார். என் ஓட்டு அதற்குத்தான்.

கப்பல்காரன்

எனக்கு 'அசெரெஹே', லாஸ் கெச்சப் சகோதரிகள், 2002. சுற்றுலாக் கப்பலில் உணவகப் பணியாளராக இருந்தேன். நீச்சல் குளத்துப் பக்கம் தினமும் மாலை அந்தப் பாட்டும் அந்தக் கை ஆட்டமும். தட்டு ஏந்துகிற எங்களையும் இழுத்துவிடுவார்கள். ஒருமுறை லத்தீன் அமெரிக்கப் பயணி ஒரு அம்மா பேரனைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார், அது சாத்தானைக் கூப்பிடுகிற பாட்டாம். அப்படி ஒரு வதந்தி அங்கே பலமாக ஓடியது. உண்மையில் தியேகோ என்கிற ஆள் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பழைய அமெரிக்க ராப் பாட்டை இங்கிலீஷ் தெரியாமல் உளறிப் பாடுகிறான், அவ்வளவுதான். நாங்கள் இங்கிலீஷ் படப் பாட்டை உளறியதற்கு யாரும் பேய் ஓட்டவில்லை.

பெர்கன்லைன்

ஃபேடர், பெரியவர் ரிக்கியைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. பேத்தி கேட்பாள் என்று மட்டும் சொன்னார். அவர் கடையில் ஓடியது கியூபப் பாடகி சீலியா குரூஸின் 'லா விடா எஸ் உன் கார்னவால்', 1998. இத்தனை பேர் எழுதியும் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லையே!

அப்புறம், ஆங்கிலத்தில் பாடினாலே லத்தீன் இல்லை என்று அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மார்க் ஆண்டனியின் 'ஐ நீட் டு நோ'வையும் அதன் ஸ்பானிஷ் வடிவம் 'தீமெலோ'வையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள், நான் தயார்.