மார்ச் 20: பகலும் இரவும் சமம்தானா?

திருநகர் அப்பா:
மார்ச் 20 அன்று பகலும் இரவும் சமம் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். செல்போனில் மதுரைக்கு உதயம் 6.22, அஸ்தமனம் 6.29 என்று காட்டி மானத்தை வாங்கிவிட்டாள். அந்த ஏழு நிமிடம் எங்கிருந்து வந்தது?

மொட்டைமாடி:
மகள் சொல்வது சரிதான் அண்ணே. சூரியன் புள்ளியல்ல, தட்டு. மேல் விளிம்பு எட்டிப்பார்த்தாலே உதயம். அதே விளிம்பு மறைந்தால்தான் அஸ்தமனம். போதாததற்குக் காற்று ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே கிடக்கும் சூரியனையும் தூக்கிக் காட்டும். அன்று உண்மையில் நடப்பது, சூரியன் வான நடுக்கோட்டை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஓடும் கோடு) தாண்டி வடக்கே வருவது.

பகல் 12.25-க்கு மாடியில் ஒரு மீட்டர் கம்பை நட்டுப் பாருங்கள். நிழல் ஒரு சாண்கூட வராது, பதினேழரை சென்டிமீட்டர்தான். நாம் 10 பாகை வடக்கே இருக்கிறோம் என்பதற்கு அதுவே சாட்சி.

பஞ்சாங்கப்பிரியன்:
சூரியன் வடக்கே தாண்டுவது மார்ச் 20 என்றால், அப்புறம் ஏன் சித்திரை 1 ஏப்ரல் 14-இல்?

மொட்டைமாடி:
சூரியன் மேஷத்தில் நுழைவதுதான் சித்திரை 1. பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மேஷத்தைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையாட்டுவதால் அந்த மேஷத் தொடக்கம் மார்ச் 20-இன் சூரிய நிலையிலிருந்து சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை, அதாவது ஏறக்குறைய ஒரு நாள், விலகுகிறது. சேர்ந்து சேர்ந்து இப்போது மூன்று வாரத்துக்கும் மேல்.

திருநகர் அப்பா:
விளக்குமாற்றுக் கம்பை நட்டோம். 19 வந்தது. கம்பு சாய்ந்திருக்கிறதாம், மகள் சொல்கிறாள்.