க்ளிங்கன் வினைச்சொல்லில் காலம் எங்கே இருக்கிறது?

பரந்தன்_பெடியன்:
உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில்தான் இருக்கிறேன். ஸ்டார் ட்ரெக் பார்த்த ஆசையில், அதில் வருகிற க்ளிங்கன் என்ற வேற்றுக்கிரகத்தார் பேசுகிற மொழியை டியோலிங்கோ செயலியில் படிக்கத் தொடங்கி இரண்டு மாதமாகிறது. செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில் என்ற அந்தத் தலைகீழ் வரிசைகூடப் பிடிபட்டுவிட்டது, ஆனால் காலத்தில் மாட்டுப்பட்டு நிற்கிறேன். -பு' என்ற விகுதி இறந்தகாலம் என்று நினைத்து நேற்று நடந்த எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் நாளை என்று தொடங்கும் வாக்கியத்திலும் அதே -பு' வருகிறது. அப்படியென்றால் இறந்தகாலத்துக்கு என்ன விகுதி? யாராவது தமிழில் விளங்கப்படுத்துங்கள், ஆங்கில விளக்கம் வாசித்துத் தலை சுற்றுகிறது.

முத்தையன்கட்டு:
தம்பி, இறந்தகாலத்துக்கு விகுதியே இல்லை. நிகழ்காலத்துக்கும் இல்லை, எதிர்காலத்துக்கும் இல்லை. இந்த மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ரண்ட் 1985இல் வெளியிட்ட அகராதியிலேயே இதைச் சொல்லிவிட்டார். எப்போது என்பதை வாக்கியத்தின் தொடக்கத்தில் வருகிற காலச்சொல் பார்த்துக்கொள்ளும். “ஷிஷ்” என்றால் மழை பெய்தல். வ'ஹு' ஷிஷ்தஹ், நேற்று பெய்துகொண்டிருந்தது. டஹ்ஜஜ் ஷிஷ்தஹ், இன்றைக்குப் பெய்துகொண்டிருக்கிறது. வ'லெஷ் ஷிஷ்தஹ், நாளைக்குப் பெய்துகொண்டிருக்கும். தமிழில் மூன்று தரமும் வினையின் வால் மாறுகிறது, அங்கே வினை அசையவே இல்லை.

-பு' சொல்வது முடிந்ததா என்பதை மட்டும்தான். காலபோக அறுவடை நேரம் “நாளைக்கு இந்நேரம் வெட்டி முடித்திருப்போம்” என்கிறோமே, நாளை இன்னும் வரவில்லை, ஆனால் வேலையை முடிந்ததாகத்தான் பார்க்கிறோம். வ'லெஷ் பக் விலட்பு' என்பதும் அதுபோலத்தான், நாளைக்குப் புத்தகத்தை வாசித்து முடித்திருப்பேன். வீட்டுக்குள் நின்றுகொண்டே “இந்தா வந்திட்டன்” என்று குரல் கொடுக்கிற எங்களுக்கு முடிவும் இறந்தகாலமும் வேறு வேறு என்பது புதிதில்லை.

காலச்சொற்கள் சுகம். நாளுக்கு ஹு' என்றால் முன், லெஷ் என்றால் பின். முன்னால் எண்ணைப் போட வேண்டும் (வ' ஒன்று, ச' இரண்டு), அவ்வளவுதான்: ச'ஹு' முந்தநாள், ச'லெஷ் நாளையிண்டைக்கு. மாதத்துக்கு வென், வக். வருடத்துக்கு பென், நெம்.

இரணைமடுக்_கரை:
மேலே அண்ணை சொன்னது சரி, ஆனால் நான் ஆறு மாதம் பிழைவிட்ட இடம் வேறு. தொடர்ந்து நடப்பதற்கு -தஹ், -லி' என்று இரண்டு விகுதி இருக்கிறது, தமிழில் இரண்டுக்கும் “கொண்டிரு” ஒன்றுதான், அதனால் ஒன்றுக்கு மற்றதைப் போட்டுவிடுவோம்.

இப்படி யோசித்துப் பாரும். மழை பெய்துகொண்டிருக்கிறது, எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது, அது -தஹ். அந்த மழையில் குளம் நிரம்பிக்கொண்டிருக்கிறது. எத்தனை அடி ஏறினால் குளம் நிரம்பி வான் பாயும் (வழியும்) என்று குளத்தடியில் இருக்கிற சின்னப்பிள்ளைக்கும் தெரியும், மாரியில் கமக்காரர் காலையும் மாலையும் கதைப்பது இன்னும் எத்தனை அடி இருக்கிறது என்பதைத்தான். அது -லி'. போய்ச் சேர எல்லை ஒன்று தெரிந்திருக்க வேண்டும், செயல் அதை நோக்கி நகர வேண்டும். அகராதியே “சோல்”, அதாவது கிட்டி வருதல், என்ற வினையோடு சோல்லி' என்று காட்டுகிறது. எனக்கு இந்த மொழியில் மிகப் பிடித்த விகுதி இதுதான்.

முடிந்ததற்கும் இதேபோல இரண்டு. கை தவறிக் கோப்பை உடைந்தால் -பு'. செய்யவேண்டும் என்று இறங்கிச் செய்து முடித்தால் -த'. விதைத்து முடித்தோம் என்றால் -த'.

நெடுங்கேணி_வாத்தி:
விகுதியே இல்லாத வெறும் வினையைப் பார்க்கும்போது எனக்கு வினைத்தொகைதான் ஞாபகம் வருகிறது. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய், மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. “காலம் கரந்த பெயரெச்சம்” என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோமே. தமிழ் ஒரு மூலையில் வைத்திருப்பதை ஓக்ரண்ட் மொழி முழுவதற்கும் விரித்திருக்கிறார். ஆகவே வெறும் வினையை எந்த இடத்திலும் தாராளமாகப் போடலாம் என்பது என் எண்ணம்.

முத்தையன்கட்டு:
ஐயா, ஊறுகாய் நல்ல உதாரணம், ஆனால் கடைசி வரியை நான் ஏற்கமாட்டேன். வெறும் வினை காலத்தைச் சொல்லாது என்பது உண்மை. ஆனால் நான்கு விகுதியில் ஒன்றும் இல்லாவிட்டால், செயல் முடியவும் இல்லை தொடரவும் இல்லை என்றுதான் பெரும்பாலும் எடுக்கவேண்டும், அதுவும் அகராதியில் இருக்கிறது. ஊறுகாய் அந்த அளவுக்கு எதையும் விலக்குவதில்லை. நேற்று புத்தகத்தை வாசித்து முடித்தேன் என்று சொல்ல வந்துவிட்டு வ'ஹு' பக் விலட் என்று நிறுத்தினால், முடித்தேன் என்ற செய்தி விழுந்துவிடும். படிக்கிறவர்களுக்குள் இதில் வாக்குவாதம் வருவதுண்டு, என்றாலும் தம்பி, முடிந்த காரியத்துக்கு நீர் விகுதி போட்டே பழகும்.

பரந்தன்_பெடியன்:
நன்றி அண்ணைமார், ஐயாவுக்கும் நன்றி. இப்போதுதான் விளங்குகிறது, நான் தமிழ் வாலை அங்கே ஒட்டப் பார்த்திருக்கிறேன். ஒன்று எழுதினேன், பாருங்கள்: ச'லெஷ் பக் விலட்தஹ். நாளையிண்டைக்குப் புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பேன். சரியா?

இரணைமடுக்_கரை:
இலக்கணம் சரி. ஆனால் கடைசிப் பக்கம்வரை போகிற எண்ணம் இருந்தால் விலட்லி' என்று மாற்றும். முடித்த பிறகு வந்து விலட்த' என்று எழுதும்.