மகனுக்கு மின்ஸ்கூட்டர்: பூங்காவிலும் நடைபாதையிலும் ஓட்டலாமா?

செந்தூல் அப்பா கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவத்தில் படிக்கும் என் மகன், தீபாவளிக்கு, நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டர் வேண்டும் என்று இரண்டு மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இணையக் கடை ஒன்றில் 1,200 ரிங்கிட்டுக்கு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே தவிர, அதை எங்கே ஓட்டலாம் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாலையில் விடும் எண்ணம் எனக்கு இல்லை. கோலாலம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து தித்திவங்சா ஏரிப்பூங்கா வரை நடைபாதையில் போய், ஏரியைச் சுற்றி ஓட்டிவிட்டு வரட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மாலை, அதே பூங்காவில் என் அம்மாவோடு நடந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஓசையே இல்லாமல் வந்த ஒரு ஸ்கூட்டர் அவருடைய முழங்கையை உரசிக்கொண்டு போய்விட்டது. காயம் ஏதுமில்லை. ஆனாலும் 71 வயதான அம்மா பக்கத்திலிருந்த இருக்கையில் உட்கார்ந்தவர், கை நடுக்கம் நிற்கும் வரை எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து நான் செய்யப் போவது சரிதானா என்ற கேள்வி மனத்தை அரிக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது, அனுபவம் உள்ளவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கெப்போங் வாசகர்:

ஐயா, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், மின்ஸ்கூட்டர் உள்ளிட்ட சில வகை நுண்வாகனங்களை, அதாவது ஒருவர் ஓட்டும் சிறு வாகனங்களை, சாலையில் பயன்படுத்தக் கூடாது என்னும் விதிகள் 2021 டிசம்பர் 17ஆம் நாள் அரசிதழில் வெளியிடப்பட்டன. "சாலையில்தானே தடை, நடைபாதையில் ஓட்டினால் என்ன?" என்று பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். செந்தூலிலிருந்து தித்திவங்சா வரை ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். நாம் நடைபாதை என்று சொல்வது ஒவ்வொரு லோரோங் (சந்து) முனையிலும் அறுந்து சாலையில் இறங்குகிறது; இடையிடையே மோட்டார்சைக்கிள் நிறுத்தியிருப்பார்கள், பலகாரக் கடை போட்டிருப்பார்கள். பையன் பூங்காவைச் சென்று சேர்வதற்குள் பத்து முறையாவது சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

பூங்காவின் கதை வேறு. அதற்கான விதிகளை அதைப் பராமரிக்கும் உள்ளாட்சி மன்றமே வகுப்பதால், ஒரு பூங்காவில் அனுமதிப்பதை இன்னொன்றில் தடுத்திருக்கலாம். நுழைவாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். ஐயம் இருந்தால் காவலரிடமே கேட்டுவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை:

சகோதரரே, உங்கள் தாயாருக்கு நேர்ந்ததைப் படித்தபோது மனம் கலங்கிவிட்டது. என் கணவருக்குப் பார்வை இல்லை. பார்வையற்றோர் சங்கம் எங்கள் வட்டாரத்தில் இருப்பதால் இங்குள்ள நடைபாதைகளில் மஞ்சள் நிறத் தொடுதள ஓடுகள் பதித்திருக்கிறார்கள். நீளக்கோடுகள் இருந்தால் நேராகப் போகலாம் என்று பொருள், புள்ளிகள் இருந்தால் நின்று கவனிக்க வேண்டும் என்று பொருள். இருபது ஆண்டுகளாக அவர் அந்த ஓடுகளை நம்பித்தான் தனியாக வேலைக்குப் போய் வருகிறார்.

வாடகை ஸ்கூட்டர்கள் வந்த புதிதில், யாரோ ஒருவர் ஓட்டி முடித்துவிட்டு அந்த ஓடுகளின் மேல் குறுக்காக ஒன்றை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். வெள்ளைக்கோலின் நுனி தரையை ஒட்டித்தான் போகும். அன்று அது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, நிற்கும் பலகைக்கு அடியில் புகுந்துவிட்டது. கோலில் எதுவும் தட்டுப்படாததால் வழி சரியாக இருக்கிறது என்று நம்பி அவர் அடுத்த அடியை எடுத்து வைக்க, பலகையின் விளிம்பு முழங்காலுக்குக் கீழே எலும்பில் இடித்தது. விழாமல் கைப்பிடியைப் பற்றியவர், ஸ்கூட்டரோடு சேர்ந்தே சாய்ந்தார். மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தார். இருபது ஆண்டுகள் தனியாக நடந்தவருக்கு அந்த வலிதான் பெரிதாக இருந்தது.

மின்ஸ்கூட்டர் எழுப்பும் ஓசை மிகக் குறைவு. மோட்டார்சைக்கிள் வந்தால் அவர் காதாலேயே அறிந்து ஒதுங்கிவிடுவார். இது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. உங்கள் மகன் நல்ல பிள்ளையாகவே இருப்பான். இருந்தாலும் நடைபாதையில் மட்டும் ஓட்ட விடாதீர்கள் என்று ஓர் அக்காவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜொகூர்க்காரன்:

நான் சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டு இப்போது செராஸில் குடியிருக்கிறேன். அங்கே முதலில் நடைபாதையில் மின்ஸ்கூட்டரை அனுமதித்தார்கள். வேக வரம்பை 15 கிலோமீட்டரிலிருந்து 10 ஆகக் குறைத்தும் பார்த்தார்கள். விபத்துகள் நிற்கவில்லை. 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் ஓட்டுவதை முற்றிலும் தடை செய்து, மீறுவோருக்கு 2,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம் என்று அறிவித்தார்கள். உணவு விநியோகம் செய்தவர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். அவர்கள் வேறு வாகனத்துக்கு மாற 70 லட்சம் வெள்ளி உதவித்தொகை ஒதுக்கப்பட்டது. இப்போது சைக்கிள் பாதைகளில் மட்டுமே ஓட்டலாம், அதுவும் தனியாக ஓட்ட 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும், எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 13 வயது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ ஏழு மீட்டர். எதிரே ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்துக் கை பிரேக்கை அழுத்துவதற்குள்ளேயே அந்த ஏழு மீட்டரும் போய்விடும். சக்கரமோ மிகச் சிறியது. மரவேர் தூக்கிய கல்லிலோ சாக்கடை மூடியின் இடுக்கிலோ அது சட்டென்று நின்றால், நின்றபடி ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படுவார்.

எல்ஆர்டி பயணி:

நான் ஒன்றரை ஆண்டு மின்ஸ்கூட்டர் ஓட்டியவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்ஆர்டி எனும் இலகு ரயில் நிலையத்திலிருந்து என் அலுவலகம் இரண்டு கிலோமீட்டர். இந்த வெயிலில் நடந்தால் சட்டை நனைந்துவிடும், இணைப்புப் பேருந்துக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மடக்கி ரயிலில் எடுத்துப் போகக்கூடிய ஒரு வண்டி இந்த நகரத்துக்கு உண்மையிலேயே தேவை. குற்றம் வண்டியில் இல்லை. அதற்கென்று தடுப்போடு கூடிய தனிப்பாதை எங்கும் தொடர்ச்சியாக இல்லை என்பதுதான் குறை. சாலையிலும் கூடாது, நடைபாதையிலும் கூடாது என்றால், விற்க மட்டும் ஏன் விடுகிறார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை:

தம்பி, தனிப்பாதை வேண்டும் என்று நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். அதற்காக மனு எழுதினால் நானும் என் கணவரும் கையெழுத்திடுகிறோம். ஆனால் அந்தப் பாதை வரும் வரைக்கும் உங்கள் அவசரத்தை ஏன் நடப்பவர்கள் தாங்க வேண்டும்? அவர்களுக்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது.

எல்ஆர்டி பயணி:

உண்மைதான் அக்கா. நான் ஓட்டுவதை நிறுத்தியதற்கும் அதுவே காரணம். கடைகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைவழியில் ஒரு முதியவரைத் தாண்டும்போது அவர் திடுக்கிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

செந்தூல் அப்பா:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இவை எல்லாவற்றையும் மகனுக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளைக்கோல் பலகைக்கு அடியில் புகுந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை படிக்கச் சொன்னான். பிறகு, "அப்பம்மாவை இடித்தவர் திரும்பிப் பார்த்தாரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். ஸ்கூட்டர் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். சைக்கிள் வாங்கித் தருகிறேன், நகர மையத்தில் வாகனமில்லாக் காலை நடக்கும் ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்து போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவன் உயரம் 152 சென்டிமீட்டர்; எத்தனை அங்குலச் சக்கரம் பொருத்தமாக இருக்கும்?

ஜொகூர்க்காரன்:

24 அங்குலம் இப்போதைக்குச் சரியாக இருக்கும், ஆனால் ஒரே ஆண்டில் சிறிதாகிவிடும். சட்டகம் (ஃபிரேம்) சிறியதாக உள்ள 26 அங்குலச் சைக்கிளில் உட்கார வைத்து, இரு கால்களின் முன்பாதமும் தரையில் படுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மணியையும் கையோடு பொருத்தச் சொல்லுங்கள்.