டிஷ்ஷை நிறுத்திவிட்டு டிவி பாக்ஸ்: எதை வாங்கலாம்? (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

தாமான்வாசி கேட்டது:

வணக்கம். பட்டணத்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, 100 எம்பிபிஎஸ் ஃபைபர், 4கே டிவி. அம்மா இருப்பது தோட்டத்துப் பக்கம். அங்கே ஃபைபர் இல்லை, 4ஜி மோடம்தான். டிவியும் ஸ்மார்ட் இல்லாத பழைய 32 அங்குல 720பி, எச்டிஎம்ஐ ஓட்டை இரண்டு உண்டு. இரண்டு வீட்டிலும் மாதக் கட்டண டிஷ்ஷை நிறுத்தப் பார்க்கிறேன். வேண்டியது தமிழ் சீரியல், தமிழ்ச் செய்தி, யூடியூப், நெட்ஃபிளிக்ஸ். பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) "ஒரே தடவை காசு, ஆயுசுக்கும் எல்லாச் சேனலும்" என்று ஒரு பெட்டி விற்கிறார்கள், அது எப்படி? அம்மாவுக்கு ஒரே ரிமோட்டில் முடிந்தால் நல்லது.

பாக்ஸ்_பித்தன்:

அந்தப் பாசார் மாலப் பெட்டியை முதலில் பேசிவிடுவோம். அதில் வரும் சேனல்கள் எவனோ ஒருவனுடைய சர்வரிலிருந்து திருட்டுத்தனமாக வருபவை. சர்வரை மூடினால் ஆயுசும் அன்றோடு முடிந்தது. இப்படிப்பட்ட கருவியை விற்பவருக்கு, 2022 மார்ச் 18இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி 10,000 முதல் 200,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான். டி95 என்ற பெயரில் விற்ற மலிவுப் பெட்டியின் ஃபர்ம்வேரிலேயே (பெட்டியோடு வரும் அடிப்படை மென்பொருளில்) மால்வேர் இருந்தது 2023 தொடக்கத்தில் வெளியே வந்தது. ஃபேக்டரி ரீசெட் அடித்தாலும் அது போகாது. ரீசெட் அழிப்பது நாம் போட்ட செயலிகளையும் கணக்குகளையும் மட்டும்தான். உங்கள் வங்கிச் செயலி ஓடும் அதே வைஃபையில் அதையும் சேர்ப்பீர்களா?

நல்ல பெட்டியை எப்படி அடையாளம் காண்பது? ரிமோட்டில் நெட்ஃபிளிக்ஸ் பொத்தான் இருப்பதை நம்பாதீர்கள், போலிகளிலும் அச்சடிக்கிறார்கள். ஆன் செய்ததும் கூகள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி முகப்பு வரவேண்டும். போன் மாதிரி ஐகான் வரிசையும், ரிமோட்டில் நகர்த்தும் மவுஸ் அம்பும் வந்தால் அது டேப்லெட் ஆண்ட்ராய்டு. பிறகு 'டிஆர்எம் இன்ஃபோ' செயலியைப் போட்டு வைட்வைன் (படத்தைத் திருடாமல் காக்கும் கூகள் பூட்டு) நிலையைப் பாருங்கள். எல்1 இருக்கவேண்டும், ஆனால் அதோடு நெட்ஃபிளிக்ஸின் அங்கீகாரமும் பெட்டிக்கு வேண்டும். எல்3 என்றால் 4கே டிவியில்கூட நெட்ஃபிளிக்ஸ் மங்கலான எஸ்டியில்தான் ஓடும். பெட்டி மேல் "8கே" என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான்.

4கே டிவிக்கு ஷியாவ்மி டிவி பாக்ஸ் எஸ் இரண்டாம் தலைமுறை போதும்: 2 ஜிபி ராம், 8 ஜிபி சேமிப்பு, டால்பி விஷன் உண்டு. குறை இரண்டு. லேன் ஓட்டை கிடையாது. 8 ஜிபியில் பாதியைச் சிஸ்டமே பிடித்துக்கொள்ளும், ஆகவே பத்துப் பன்னிரண்டு செயலிகளுக்கு மேல் ஏற்றினால் திணறும். காசு தடையில்லை என்றால் ஆப்பிள் டிவி 4கே. அதில் 128 ஜிபி மாடலுக்கு மட்டும்தான் லேன் இருக்கிறது, 64 ஜிபிக்கு இல்லை. அம்மா டிவிக்கு 4கே தேவையில்லை, ஆனால் 1 ஜிபி ராம் உள்ள பழைய ஸ்டிக் வேண்டாம். ஒவ்வொரு செயலிக்கும் காத்திருக்க வைத்தே வெறுப்பேற்றும்.

ஸ்டிக் வாங்கினால் டிவியின் யுஎஸ்பியிலிருந்து கரண்டு கொடுக்காதீர்கள். பல டிவிகளில் அந்த ஓட்டை 500 மில்லியாம்பியர்தான் தரும். படம் ஓடும்போது ஸ்டிக் தானே ரீஸ்டார்ட் ஆகும், நீங்கள் ஸ்டிக் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புவீர்கள். கூட வரும் அடாப்டரையே சுவரில் சொருகுங்கள்.

4ஜி_வீடு:

அண்ணே சொன்னது பட்டணத்து வீட்டுக்குச் சரி. அம்மா வீட்டில் பெட்டி பெரிய விஷயமே இல்லை, லைன்தான்.

வேகத்தைப் பகலில் சோதிக்காதீர்கள். இரவு 8 முதல் 11 வரை, சீரியல் நேரத்தில், டிவி இருக்கும் இடத்திலேயே சோதியுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 720பிக்குக் கேட்பது 3 எம்பிபிஎஸ், 1080பிக்கு 5, 4கேக்கு 15. அந்த நேரத்தில் நிலையாக 6, 7 வந்தால் அந்த டிவிக்குத் தாராளம். 30க்கு ஏறி 1க்கு இறங்கும் லைனைவிட அது மேல்.

அடுத்தது கோட்டா. 5 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 2.25 ஜிபி. தினம் 5 மணி நேரம் பார்த்தால் மாதம் 340 ஜிபி பக்கம். "அன்லிமிடெட்" பிளான் பலவற்றில் ஒரு அளவுக்கு மேல் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்கில், அம்மாவின் புரொஃபைலுக்கு மட்டும் டேட்டா அளவை 'மீடியம்' என்று வையுங்கள்: மணிக்கு 0.7 ஜிபிதான் போகும். 32 அங்குலத்தில் உறுத்தாது. யூடியூப்பை 480பியில் வைக்கலாம்.

மோடத்தை டிவி பக்கத்தில் வைக்கும் பழக்கம் பலருக்கு. செம்பனை இலையும் துத்தநாகக் கூரையும் சிக்னலைத் தின்னும். டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில், முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். மோடத்தின் அட்மின் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு எதிரே சிக்னலின் தெளிவு) என்று இரண்டு எண் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி -100க்குக் கீழே போனால் பலவீனம். எஸ்ஐஎன்ஆர் 10க்கு மேல் இருந்தால் நன்று, 0ஐ ஒட்டினால் சிக்னல் கோடு எத்தனை இருந்தாலும் படம் நிற்கும். மோடத்தை ஒரு முழம் நகர்த்தி, ஒரு நிமிடம் விட்டு எண்ணைப் பாருங்கள். பின்புறம் எஸ்எம்ஏ ஓட்டை இருந்தால் வெளி ஆண்டெனா போடலாம். இல்லாத மாடலுக்கு அந்த வழி கிடையாது.

ஆண்டெனா_மாமா:

செய்திக்கு எதற்குத் தம்பி இன்டர்நெட்? 2019இல் அனலாக் நிறுத்தியதிலிருந்து டிவி1, டிவி2, டிவி3 எல்லாம் மைடிவியில் (ஆண்டெனா வழி வரும் இலவச ஒளிபரப்பு) டிஜிட்டலாக, மாதக் கட்டணம் இல்லாமல் வருகின்றன. டிவி2இல் தமிழ்ச் செய்தி உண்டு. பழைய டிவி என்பதால் டிவிபி-டி2 (அந்த டிஜிட்டல் ஒளிபரப்பின் முறை) டிக்கோடர் ஒன்று வேண்டும், கூரையில் யுஹெச்எஃப் ஆண்டெனா ஒன்று. சுங்கை சிப்புட்டிலிருந்து ஒளிபரப்புக் கோபுரம் உள்ள ஈப்போ கிளேடாங் மலை தெற்கே, சற்று மேற்கே சாய்ந்து, முப்பது கிலோமீட்டருக்குள். அந்தப் பக்கம் திருப்பி ஆரம்பியுங்கள். திருப்பும்போது டிக்கோடர் காட்டும் ஸ்ட்ரெங்த்தை விட்டுவிட்டுக் குவாலிட்டியைப் பாருங்கள். டிஜிட்டலில் அனலாக் மாதிரிப் புள்ளி விழாது, படம் கட்டம் கட்டமாக உடையும் அல்லது அடியோடு போகும்.

பூஸ்டர் வேண்டுமானால் ஆண்டெனா கம்பத்திலேயே மாட்டுங்கள். டிவிக்குப் பின்னால் மாட்டினால் கேபிளில் நலிந்துபோன சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். சிக்னல் ஏற்கெனவே நன்றாக இருக்கும் இடத்தில் பூஸ்டர் போட்டால் டியூனர் திக்குமுக்காடி இருந்த சேனலும் போகும்.

தாமான்வாசி:

நன்றி மாமா. டிஷ் கேபிளையே ஆண்டெனாவுக்குப் பயன்படுத்தலாமா? இன்னொன்று, ஒரு நண்பர் வீட்டுப் பாக்ஸில் செய்தியின் அடியில் ஓடும் எழுத்து வெட்டி வெட்டிப் போகிறது. அது நெட்டா, பெட்டியா?

ஆண்டெனா_மாமா:

கேபிள் ஆகும். டிஷ்ஷுக்கு இழுப்பது பெரும்பாலும் ஆர்ஜி6, 75 ஓம், ஆண்டெனாவுக்கும் அதேதான். உறையில் அச்சடித்திருக்கும், பாருங்கள். டிஷ் முனையில் மழைத் தண்ணீர் இறங்கி உள்கம்பி பச்சை பிடித்திருந்தால் ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுப் புது எஃப் கனெக்டர் போடுங்கள். பழைய டிஷ் டிக்கோடரை அந்த லைனில் விட்டுவிடாதீர்கள். அது எல்என்பிக்காக (டிஷ்ஷின் நுனியில் சிக்னலைப் பிடிக்கும் பகுதி) 13, 18 வோல்ட் அனுப்பும்.

பாக்ஸ்_பித்தன்:

நெட்டும் இல்லை, பெட்டியும் கெடவில்லை. நம் நாட்டு ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், பாக்ஸ் வெளியே விடுவது 60. ஒவ்வொரு ஐந்து ஃபிரேமிலும் ஒன்றை இரண்டு முறை காட்டித்தான் சமாளிக்கிறது, அதனால்தான் தத்தல். டிஸ்பிளே செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்தால் சரியாகும். ஆனால் அமெரிக்கப் படங்கள் அதில் கொஞ்சம் தத்தும். எதை அதிகம் பார்க்கிறீர்களோ அதற்கு வையுங்கள்.

ஒரே ரிமோட்டுக்கு: டிவி செட்டிங்கில் எச்டிஎம்ஐ-சிஇசியைத் திறந்துவிடுங்கள். சாம்சுங் அதை அனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது. பாக்ஸ் ரிமோட்டை அழுத்தினால் டிவியும் எழும், சத்தமும் கூடும். மாமா சொல்லும் டிக்கோடருக்கு மட்டும் தனி ரிமோட் வரும், அதைத் தவிர்க்க முடியாது.

டிஷ்ஷை உடனே நிறுத்தாதீர்கள். அம்மா பார்க்கும் சீரியல்களின் பெயரை எழுதி, சன் நெக்ஸ்ட், சூக்கா, ஜீ5 செயலிகள் ஒவ்வொன்றிலும் மலேசியக் கணக்கில் தேடிப் பாருங்கள். ஒரே செயலியிலேயே இந்தியாவில் திறப்பது இங்கே திறக்காமல் இருக்கும். ஒரு மாதம் இரண்டையும் வைத்துக்கொண்டு பாருங்கள், ஒப்பந்தக் காலம் முடிந்ததா என்றும் கேளுங்கள். சீரியல் எதிலும் கிடைக்காவிட்டால் அம்மா வீட்டு டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம். ஆஸ்ட்ரோவின் மாதக் கட்டணமில்லாத டிஷ் சேவை என்ஜாய் (NJOI) இருக்கிறது, கூடுதல் சேனல்களைப் பிரீபெய்டில் ஏற்றலாம்.

4ஜி_வீடு:

ஒன்று விட்டுப்போச்சு. கரண்டு போய் வந்ததும் "நெட்வொர்க் இல்லை" என்று செயலிகள் சொன்னால் பாக்ஸின் தேதியைப் பாருங்கள். உள்ளே கடிகார பேட்டரி இல்லாத பெட்டிகள் பழைய தேதியில் எழும், பாதுகாப்புச் சான்றிதழ் ஒத்துப்போகாது. மோடம் எழுந்த பிறகு பாக்ஸை ஒருமுறை ஆஃப் செய்து போட்டால் போதும். இடி மழைக்கு ஸ்விட்சை மட்டும் தட்டாமல் பிளக்கையும், டிக்கோடருக்குப் பின்னால் வரும் ஆண்டெனா கேபிளையும் கழற்றச் சொல்லுங்கள். மின்னல் அந்தக் கேபிள் வழியாகவும் வந்து எச்டிஎம்ஐ போர்டை எரிக்கக்கூடும்.