மும்பையிலிருந்து திரும்பும் டிராஃபிக் பழைய லைனிலேயே வருகிறது

பெருங்குடி_நெட்:
எங்கள் டேட்டா சென்டர் அம்பத்தூரில் இருக்கிறது. இரண்டு க்ளவுடு: மைக்ரோசாஃப்டின் அஸூர் சென்னையிலேயே உள்ள சவுத் இந்தியா ரீஜன், அமேசானின் ஏடபிள்யூஎஸ் மும்பை. அஸூரில் சிக்கல் இல்லை. மும்பைக்கு இரண்டு டைரக்ட் கனெக்ட் லைன்கள் (ஏடபிள்யூஎஸ்ஸுக்கான தனி இணைப்பு), பழையது 1 ஜிகாபிட், புதியது 10. போகிற டிராஃபிக் புதியதில் போகிறது, திரும்புவது பழையதில் வருகிறது. பழைய லைனில் ஏஎஸ் எண்ணை (எங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்) மூன்று முறை ப்ரீபெண்ட் செய்தும், அதாவது பாதையை நீளமாகக் காட்டியும், அசையவில்லை. ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃபயர்வால், ஒன்று போவதை மட்டும், மற்றது வருவதை மட்டும் பார்க்கிறது, அதனால் கனெக்‌ஷன்கள் தொங்கிவிடுகின்றன. புதிய லைனில் எல்லாவற்றையும் /24 ஆக (256 ஐபி முகவரிகள் கொண்ட சிறு துண்டுகளாக) உடைத்து அறிவித்துவிடலாமா?

அம்பத்தூர்_ரவுட்டர்:
தம்பி, உடைக்கவே உடைக்காதீர்கள். பிரைவேட் விஐஎஃப்பில் (லைன் மேல் அமைக்கும் மெய்நிகர் இணைப்பு) ஏடபிள்யூஎஸ் 100 ரூட் வரைதான் ஏற்கும். தாண்டினால் ரூட்களைப் பரிமாறும் பிஜிபி செஷனே விழுந்துவிடும், அப்புறம் புதிய லைனும் இருக்காது.

முதலில் இரண்டு ரவுட்டரும் என்ன அறிவிக்கின்றன என்று பாருங்கள். புதியதில் /16 (பல /24 அடங்கிய பெரிய தொகுதி) போய், பழையதில் எப்போதோ போட்ட ஒரு /24 மிச்சமிருந்தால், அந்த /24-க்கான டிராஃபிக் பழையதில்தான் வரும். நீளமான பிரிஃபிக்ஸ் (/16-ஐவிட /24) இருக்கும்போது ஏஎஸ் பாத் (வழியிலுள்ள ஏஎஸ் எண்களின் வரிசை) எவ்வளவு நீளம் என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் எத்தனை முறை ப்ரீபெண்ட் செய்தாலும் அது அசையாததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

போகிற பாதை உங்கள் கையில் இருக்கிறது, உங்கள் ரவுட்டரில் லோக்கல் ப்ரிஃபரன்ஸை (எந்த லைனுக்கு முன்னுரிமை என்ற மதிப்பு) ஏற்றினால் முடிந்தது. வருகிற பாதையை எதிர்ப்பக்கம்தான் முடிவு செய்யும், நாம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். அதையும் அவர்கள் கேட்கிற முறையில் கேட்க வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸுக்கு பிஜிபி கம்யூனிட்டி (ரூட்டோடு சேர்த்து அனுப்பும் குறி): புதிய லைனில் 7224:7300 (அதிக முன்னுரிமை), பழையதில் 7224:7100 (குறைந்த முன்னுரிமை). இது ஏஎஸ் பாத்துக்கு முன்பே கணக்கில் வரும். அஸூரில் இந்த எண்கள் செல்லாது. அங்கே அஸூரின் தனி இணைப்பான எக்ஸ்பிரஸ்ரூட் கனெக்‌ஷனில் வெயிட் (முன்னுரிமை எண்) கொடுக்க வேண்டும். இதைத் தனித்தனியாக எழுதி வைக்காவிட்டால் அடுத்து வருகிறவர் குழம்பிப்போவார்.

லைன் போனதை உடனே கண்டுபிடிக்கும் பிஎஃப்டியையும் பாருங்கள். ஏடபிள்யூஎஸ் பக்கம் தானாகவே இருக்கும், உங்கள் ரவுட்டரில் நீங்கள் போட்டால்தான் வேலை செய்யும். இல்லாவிட்டால் லைன் போனது தெரிய பிஜிபியின் ஹோல்ட் டைமர் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பேமெண்ட் சிஸ்டத்துக்கு அது மிக நீண்ட நேரம்.

பெருங்குடி_நெட்:
அண்ணா, நீங்கள் சொன்னதேதான். பேக்கப் சர்வர்களுக்கான ஒரு /24 பழைய லைனில் கிடந்தது. எடுத்ததும் டிராஃபிக் புதியதற்கு வந்துவிட்டது. ஆனால் அதைச் சேர்த்தது வேறொரு டீம். மூன்று டீம்களுக்கு இதில் கை வைக்க அனுமதி இருக்கிறது.

சிறுசேரி_டெவாப்ஸ்:
அதுதான் பெரிய பிரச்சினை. ரூட்டிங், கேட்வே, விபிசி (க்ளவுடுக்குள் உள்ள தனி நெட்வொர்க்) இணைப்புகளுக்கு, க்ளவுடு அமைப்பைக் கோடாக எழுதும் டெர்ராஃபார்மில் தனி ஸ்டேட் (அமைப்பின் நிலைப் பதிவு) வையுங்கள். ஆப் டீமின் ஸ்டேட்டோடு ஒன்றாக வைக்காதீர்கள். அப்ளை செய்வது நெட்வொர்க் டீம் மட்டும், மற்றவர்கள் புல் ரெக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை) போடட்டும், என்ன மாறும் என்று காட்டும் ப்ளான் அவுட்புட்டைப் பார்த்து இருவர் ஒப்புக்கொள்ளட்டும். ஐபி ஒதுக்கீடு இரண்டு க்ளவுடுக்கும் சேர்த்து ஒரே கோப்பில் இருக்கட்டும். ஏடபிள்யூஎஸ் டீஃபால்ட் விபிசி எல்லா அக்கவுண்டிலும் 172.31.0.0/16 தான். அப்படியே பயன்படுத்தும் இரண்டு டீம்களைப் பிறகு நேரடியாக இணைக்க முடியாது, முகவரிகள் மோதும்.

அம்பத்தூர்_ரவுட்டர்:
சரியாகச் சொன்னார். பழைய லைனை பேக்கப்பாக நம்புவதற்கு முன், ஒரு இரவு மெயின்டனன்ஸ் நேரத்தில் புதியதன் பிஜிபி செஷனை ஷட் செய்து, டிராஃபிக் இரு திசையிலும் பழையதற்கு மாறுகிறதா பாருங்கள். இரண்டு பக்கமிருந்தும் ட்ரேஸ்ரூட் எடுத்து இங்கே போடுங்கள்.